காயில் கட்டிய கணிப்பொறி

கோவை வட்டாரத்தில் எரிந்துபோன மோட்டாரை யாரும் எளிதில் தூக்கி எறிவதில்லை. காயில் கட்டக் கொடுப்பார்கள். வெளிக்கூடு பழையது, உள்ளே சுற்றிய செம்புக் கம்பி புதியது. கிணற்றடிக்குத் திரும்பி வந்ததைத் தோட்டக்காரர் "நம்ம பழைய மோட்டாரு" என்றே சொல்வார். சென்ற ஆண்டு நாங்கள் இருவர், தமிழ்த்துறையில் ஒருவரும் இயற்பியல் துறையில் ஒருவருமாக, ஒரு மடிக்கணினிக்குச் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

அது 2007-இல் வெளிவந்த திங்க்பேட் எக்ஸ்61. பன்னிரண்டு அங்குலத் திரை, ஏழு வரிசை விசைப்பலகை, நடுவில் சிவப்புக் குமிழ். 1992-இல் இவ்வரிசையின் முதல் மடிக்கணினிகள் வந்தபோது, வடிவமைத்த ரிச்சர்ட் சாப்பர் ஜப்பானியரின் சோற்றுப் பெட்டியை மனத்தில் கொண்டிருந்தாராம். நம்மவராக இருந்திருந்தால் தூக்குப்போசி கிடைத்திருக்கும்!

கணினி எங்கள் பேராசிரியருடையது. ஓய்வுக்குப் பின் ஊர் ஊராகச் சென்று கொங்குச் சொற்களைத் திரட்டி அதில் தட்டச்சு செய்துவந்தார். இத்துறையில் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இலேயே வந்துவிட்டது. எனினும் நம் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் அதைச் சொன்ன ஊரையும், சொன்னவர் செய்த தொழிலையும் குறித்துவைத்தார். அவர் மறைந்தபின் கணினி எழவில்லை. அம்மாவிடம் கோப்புகளை மட்டும் எடுத்து அச்சிட்டுத் தருகிறோம் என்றோம். "அதெல்லாம் செரி கண்ணு. அவரு இதுலதான தட்டிக்கிட்டிருப்பாரு. நா இதுலயே பார்க்கோணும்" என்றார்.

ஆக வேலை இரண்டாயிற்று.

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் முதலில் வன்தட்டைக் கழற்றினோம். பழுதுபட்ட தட்டை அதன் கணினியிலேயே மீண்டும் மீண்டும் ஓடவிடுவது ஆபத்து. வேறொரு கணினியில் இணைத்து, எழுத இடங்கொடாமல் படிக்க மட்டும் அனுமதித்து, முழுப் படி எடுத்தோம். 'டக் டக்' என்ற ஓசையோடு ஓர் இரவு முழுவதும் ஓடியது. சகர வரிசைக் கோப்பின் பிற்பாதி மட்டும் வரவில்லை.

வந்தவையும் படிக்கும் நிலையில் இல்லை. பேராசிரியர் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் 2007-இல்கூட நம் அச்சகங்கள் பலவற்றில் இத்தகைய எழுத்துருக்களே வழங்கின. ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை அமர்த்தும் ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். 'கொங்கு' என்பதில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்திருக்கும். ஒருங்குறியிலோ ககரத்தின் பின்னர்தான் ஒகரக் குறி. மாற்றுநிரல் இந்த வரிசையைப் புரட்டிப் போட வேண்டும். புரட்டியதைக் கண்ணால் சரிபார்க்கும் வேலை எங்களுடையது. அங்கராக்கு, அம்மிச்சி, கடகால், வேசகாலம் என்று ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன.

இயந்திர வேலையைச் சுருக்கிச் சொல்லலாம். வன்தட்டின் இடத்தில் திடநிலைத் தட்டு, நினைவகம் எட்டு ஜிபி, திரைக்குப் பின்னிருந்த குழல்விளக்குக்குப் பதில் எல்இடி பட்டை, செயலிக்குப் புதிய வெப்பப் பசை, நேரங்காக்கும் சிறு பேட்டரி. பெரிய பேட்டரிதான் அச்சுறுத்தியது. தேய்ந்த லித்தியம் செல்களைப் பிரித்ததும் அதன் கட்டுப்பாட்டுப் பலகை தன்னைத் தானே பூட்டிக்கொள்ளக்கூடும். கடைத்தம்பி மின்னழுத்தம் அறுபடாமல் பார்த்துக்கொண்டே புதிய செல்களைப் பற்றவைத்தார். நாங்கள் மூச்சுவிடவில்லை. இயங்குதளம் லினக்ஸ்.

நண்பருக்கு இது போதவில்லை. சீனத்தில் 51என்பி என்னும் ஆர்வலர் குழு, எக்ஸ்60, எக்ஸ்61 கூடுகளில் பொருந்துமாறு எக்ஸ்62 என்னும் தாய்ப்பலகையையே புதிதாகச் செய்திருக்கிறது. அதில் ஐந்தாம் தலைமுறை இன்டெல் கோர் செயலி. அதை வரவழைக்கலாம் என்று வாதிட்டார். நாங்கள் செய்தது காயில் கட்டுவது. அது மோட்டாரையே மாற்றிக் கூட்டை மட்டும் வைத்துக்கொள்வது. சொற்களைப் படிக்க இவ்வளவு வேகம் எதற்கு என்பது நம் கட்சி. ஏடெழுதியவர்கள் ஓலை நைந்ததும் புதிய ஓலையில் படியெடுத்தார்கள், பழையதை ஆற்றில் விட்டார்கள். அவர்களுக்கு உடல் பொருட்டில்லை. கூட்டைக் காத்து உள்ளீட்டை மாற்றும் இக்காலப் பித்தை அவர்கள் கண்டால் சிரித்திருக்கக்கூடும். ஆனால் தேய்ந்து வழவழத்த அந்த விசைகளைத் தொட்டுப் பார்த்த பிறகு நம்மால் சிரிக்க முடியவில்லை.

கணினியை வீட்டில் கொண்டுபோய்த் திறந்துவைத்தோம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அகரத்திலிருந்து தொடங்கினார். நெடுநேரம் பேச்சில்லை. சகரத்தில் நின்றார்.

"ஏங் கண்ணு, சீவக்கட்டையக் காணோமே?"

அந்தப் பகுதி தட்டிலேயே அழிந்துவிட்டது என்றோம்.

"அவருக்கு அத எங்கம்மாதானுங் கண்ணு சொன்னாங்க. தோட்டத்துல, கட்டுத்தரைய கூட்டிக்கிட்டே. எழுதிக்குங்க."

நண்பர் கணினியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று பொழுதிறங்கும்வரை அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தோம். முப்பத்தேழு சொற்கள் வந்தன. அவற்றுள் நான்கு, மீண்ட கோப்புகள் எதிலும் இல்லாதவை. "அவருகிட்டச் சொன்னதில்ல" என்றார்.