கோயிலடி வீடு

மாதுங்காவில் நம்மவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு வீட்டைப் பற்றித்தான் திரும்பும். நம்மில் பெரும்பாலோர்க்கு இரண்டு வீடுகள். குடியிருப்பது ஒன்று, ஊரில் பெற்றோர் வாழ்வதோ வாழ்ந்ததோ மற்றொன்று. இரண்டிலும் ஓர் ஆணி அடிக்கவும் யாரையேனும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பர் சிலர். அது முழுதும் உண்மையன்று, முழுப் பொய்யுமன்று.

1896இல் பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடியது. அதன் பின் 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு டிரஸ்டு, அகன்ற தெருக்களும் தோட்டங்களுமாக அமைத்ததே தாதர் மாதுங்காப் பகுதி. 1995இல் இந்நகரின் மரபுக் கட்டடங்களுக்கென ஒரு விதி வந்தது. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிப்பதற்கு மட்டுமன்று, வர்ணம் பூசுவதற்குங்கூட மாநகராட்சி ஆணையரின் முன் அனுமதி வேண்டும் என்றது அவ்விதி. 2012இல் பட்டியலை நீட்டக் கருதியபோது நம் பகுதியும் சிவாஜி பார்க்கும் அதில் இடம்பெற்றன. குடியிருப்போர் பலர் எதிர்த்தனர். அவர்களை நான் குறை கூறமாட்டேன். ஒழுகும் கூரையின் கீழ்ப் படுத்திருப்பவரிடம் கட்டடக் கலையின் எழிலைப் பேசுவது எளிதன்று.

எனினும், இவ்விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது ஊர் வீட்டினால்தான். எங்கள் ஊர் கும்பகோணத்தை அடுத்த தாராசுரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அக்கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. அதில் எண்பத்திரண்டு வயதான என் தாயார், தம்பியின் குடும்பத்தோடு வாழ்கிறார். கழிப்பறையோ கொல்லைக் கோடியில். சென்ற ஆண்டு மழையில் நள்ளிரவில் அங்குச் சென்றவர் பாசியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியாதது தெய்வச் செயல்.

மறுநாளே தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணா, வீட்டின் பின்புறம் புதிதாக ஓர் அறை எடுத்துக் கழிப்பறை கட்டிவிடுவோம். கொத்தனார் வரும்போதே மாடியிலும் ஓர் அறை போட்டுவிட்டால், கோடையில் நீங்கள் எல்லாரும் வந்து தங்கலாம்” என்றான். பணம் அனுப்புவதற்கு முன் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன்.

1958ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தை 2010இல் திருத்தினார்கள். அதன்படி, மத்திய அரசு காக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குப்பகுதி. கோபுரத்திலிருந்து அளப்பதன்று, காக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து அளப்பது. ஒழுங்குப்பகுதியில் அனுமதி பெற்றுப் புது வீடே கட்டலாம். தடைப்பகுதியில் புதுக் கட்டுமானம் கூடாது. பழைய கட்டடத்தை மேலே உயர்த்துவதும் பக்கவாட்டில் நீட்டுவதும் கட்டுமானமே என்று சட்டம் விளக்குகிறது. எங்கள் வீடு தடைப்பகுதிக்குள் இருப்பதால், தம்பி கேட்ட இரண்டு அறைகளும் அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போயின.

அதே வரியின் பிற்பகுதியில் விலக்குகள் இருக்கின்றன. சாக்கடை கட்டுவது, அதைத் துப்புரவு செய்வது, பொதுக் கழிப்பிடம், பொதுமக்களுக்கான குடிநீர், மின்சாரம் ஆகிய பணிகள் கட்டுமானம் என்ற சொல்லுக்குள் அடங்கா. இதைச் சொன்னதும் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “தெருவுக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயமா?” என்றான். அவன் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஊருக்குப் பொதுவான வசதியைத் தடுக்கலாகாது என்று நினைத்தவர்கள், கிழவி ஒருத்தி நள்ளிரவில் நடக்க வேண்டிய தூரத்தையும் நினைத்திருக்கலாம். ஆயினும், வீட்டுக்கு ஓர் அறை என்று விலக்கு அளித்தால், பத்தாண்டில் அந்தக் கோயிலைச் சுற்றி மாடிகளே நிற்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

பின்பு வழி ஒன்று புலப்பட்டது. பழுது பார்ப்பதும் புதுப்பிப்பதும் தடைப்பகுதியிலும் செய்யத் தக்கவை. இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாறுதலே புதுப்பித்தல். எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் நெற்குதிர் இருந்த உள்ளறை, நிலம் கைவிட்டுப் போன நாள் முதல் வெறுமையாகக் கிடந்தது. சுவரை ஒரு சாணும் நகர்த்தாமல் அதையே கழிப்பறையாக்கி, கொல்லையில் உள்ள பழைய தொட்டிக்குக் குழாய் இணைத்தால் போதும். இதற்கும் அனுமதி வேண்டும். அதைப் பெறாமல் செய்தால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. “இரவோடு இரவாக முடித்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது?” என்று கொத்தனார் சொன்னாராம். தாயாரே அதற்கு உடன்படவில்லை.

சயான் கோட்டையின் அடிவாரத்தில் தொல்லியல் துறையின் மும்பை அலுவலகம் இருக்கிறதே, அங்கே மனுக் கொடுத்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். வீடு எந்த மாநிலத்தில் உள்ளதோ அம்மாநிலத்துக்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடமே மனுச் செல்ல வேண்டும். வீடு 16-6-1992க்கு முன்பே இருந்தது என்பதற்குச் சான்றும் வேண்டும். தந்தையார் கட்டிய வீட்டு வரி ரசீதுகளைத் தாயார் டிரங்குப் பெட்டியில் ஆண்டுவாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். அவற்றைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது.

அதிகாரி மனுவைத் தில்லியில் உள்ள ஆணையத்துக்கு அனுப்பப் பதினைந்து நாள். ஆணையம் கருத்துச் சொல்ல இரண்டு மாதம். அதன்பின் முடிவு கூற ஒரு மாதம். ஆக மூன்றரை மாதம். ஆவணியில் மனுக் கொடுத்தால், விடை வருவதற்குள் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிடும். நாங்கள் தையில் கொடுத்தோம். வைகாசியில் அனுமதி வந்தது. ஆடிக்குள் வேலை முடிந்தது.

மாடி அறை இல்லை என்ற குறை தம்பிக்கு இன்னும் தீரவில்லை. தாயாருக்கோ வேறொரு குறை. நெல் இருந்த அறையில் இப்படி ஒரு காரியத்துக்குக் கால் வைக்கக் கூசுகிறதாம். பகலெல்லாம் கொல்லைக்கே செல்கிறார். இருட்டிய பிறகு மட்டும் உள்ளறை.