கௌப்பியும் பிளேன்டீயும்

கொட்டியாரக் குடாவில் மீன் படாத நாட்களில் கிண்ணியாவில் எங்கள் காலைச் சாப்பாடு அவித்த கௌப்பியும் தேங்காய்ப்பூவும்தான். கூடவே சாயம் கூடின பிளேன்டீ.

மகள் கர்ப்பிணியாக இருந்தபோது கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 9. குறைந்தது 11 இருக்க வேண்டுமாம். உம்மாவுக்கு மனமே உடைந்துவிட்டது. "ஒவ்வொரு நாளும் கௌப்பி அவிச்சுக் குடுக்கிறன்தானே மகள்!"

மருத்துவ மாது கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டதும் என்ன குடிக்கிறாள்?" இரும்புக் குளிசையைக்கூட பிளேன்டீயோடுதான் விழுங்கியிருக்கிறாள்!

தேயிலையில் பிளேவனாய்டு என்ற பொருள்கள் உண்டு. புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். பிளேன்டீ குடித்தால் நாக்குக் கயர்க்கிறதே, உமிழ்நீரின் புரதத்தை அவை பிடிப்பதால்தான். பால் ஊற்றினால் கயர்ப்புக் குறைவது, பாலின் புரதம் அவற்றைப் பிடித்துக்கொள்வதால். கௌப்பி, கடலை, சோயாவின் புரதத்தோடும் இப்படியே சேரும். அதனால் புரதம் செரிப்பது சற்றுக் குறையும். பெரிய நட்டம் இரும்பில்தான். பயறு பருப்பிலுள்ள இரும்பைக் கட்டிப்போட்டு, உடம்பில் சேரவிடாது. சிவப்புக் கௌப்பியின் தோலிலும் இவை இருக்கின்றன. ஊறவைத்த தண்ணீரில் கொஞ்சம் இறங்கிவிடும். உம்மாவோ அந்தத் தண்ணீரைச் சத்தென்று ஒருநாளும் கொட்டியதில்லை.

சகோதரிகளே, தேநீரை விடச் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான், நேரம்தான் பிழை. ஊறவைத்த தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போனது. கௌப்பிக்குத் தேசிக்காய் பிழிந்தோம். இரும்பு சேர அது உதவும். குளிசை தண்ணீரோடு, பிளேன்டீ ஒரு மணி நேரம் கழித்து. அடுத்த சோதனையில் 10.2.

உம்மாவின் கோபம்தான் ஆறவில்லை. பத்து மணிக்குக் கோப்பையை வைத்துவிட்டு, "இப்ப குடிக்கலாமா எண்டு உங்கட மிஸ்ஸிட்டக் கேட்டுச் சொல்லு" என்பார்.