பச்சைச் சேலை

நியாலாஸ் கடை வரிசையில் ஒரு படக்கடை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு அதிர்கிறது. பையன் திரும்புவதில்லை. கண் திரையில், காது மேசைக்கு அடியில்.

அடியில் பக்க மூடி கழற்றிய கணினி. அதன் விசிறி இரைகிறது. சுவரில் உப்பின் இப்பின் படம். 2007இல் தொடங்கிய அந்தக் கார்ட்டூன் தொடரைப் பார்த்து வளர்ந்த வயதுதான் அவனுக்கு.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு 20 விநாடி அழைப்பு வீடியோ. பிளெண்டர் மென்பொருளில் செய்திருக்கிறான். கோபுரம், குத்துவிளக்குகள், சிவப்புச் சேலையில் அம்மன். விநாடிக்கு 25 படம் என்றால் மொத்தம் 500. ஒவ்வொன்றிலும் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். விளக்கொளி எதில் பட்டு, எங்கே தெறித்து, என்ன நிறமாகக் கண்ணுக்கு வரும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். கணினிக்குள் இருக்கும் என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 வரைகலை அட்டையின் 896 கணிப்பான்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2019இல் வந்த அட்டை. நினைவகம் 4 ஜிபிதான். கோபுரத்துப் பொம்மைகளை அதற்குள் அடக்க முடியாமல் மேல்நிலைகளில் பாதியை எடுத்துவிட்டிருக்கிறான். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 20 விநாடி. எல்லாம் சேர்ந்து இரண்டே முக்கால் மணி நேரம்.

500ஆவது படம் வந்தது. இரைச்சல் அடங்கியது. எழுத்தும் நாதஸ்வரமும் சேர்த்து வீடியோவாகச் சுருக்கக் கொடுத்தான். சில விநாடிகளில் முடிந்தது. விசிறி கண்டுகொள்ளவே இல்லை. அட்டை அதேதான். ஆனால் சுருக்குவது அந்த 896 அல்ல, சில்லில் அதற்கென்றே உள்ள தனிச் சுற்று. பெரும்பாலும் முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதைக் குறித்துக்கொள்ளும், வீடியோ சுருக்குவதைத் தவிர வேறு வேலை தெரியாது. என்விடியா தன் அட்டைகளில் இதை வைத்தது 2012இல்.

கோயில் தலைவர் கோப்பிப் பொட்டலத்தோடு வந்தார். பார்த்தார். முகம் சுருங்கியது.

“தம்பி, என் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சே. பெரிய வேலையா? நாளைக்கு வேணும்னாலும் வர்றேன்.”

பையன் எழுத்தைத் திருத்தி மறுபடி சுருக்கினான். பொட்டலத்தில் உறிஞ்சுகுழலைச் செருகுவதற்குள் முடிந்துவிட்டது. தலைவருக்கு உற்சாகம்.

“அப்படியே அம்மன் சேலையையும் பச்சையாக்கிடு. சின்ன வேலதான?”

பையன் கடிகாரத்தைப் பார்த்தான். சேலை பச்சையானால் அதன் சாயல் தரையில் விழும், பித்தளை விளக்கில் தெரியும். பெயர் மேலே ஒட்டியது. சேலை அப்படி இல்லை.

“மூணு மணி நேரம் ஆகும் அங்கள்.”

“ஒரு எழுத்துக்கு அரை நிமிசம், ஒரு கலருக்கு மூணு மணி நேரமா?”

அவன் வாதாடவில்லை. நிறத்தை மாற்றி, முதல் படத்திலிருந்து ஓடவிட்டான்.

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “சரி, நான் இருந்து பாத்துட்டே போறேன்.”