அவசரத்தில் வாங்கிய மீன்

பத்திரிகைத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்பக்கூடாது. நாற்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு இதை ஓதிவந்த நான், ஒரு மீனை வாங்கும்போது இந்த ஆறில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்டது விலையை மட்டுந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ரொறன்ரோவில் உள்ள மகளின் வீட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். அப்போது பன்னிரண்டு வயதான பேரன், பிறந்தநாளுக்குக் கிடைத்த மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, வாரக்கணக்காகக் காத்திருந்து, நீரைப் பக்குவப்படுத்தி வைத்திருந்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியில் பெருகுவதற்கு அத்தனை காலம் வேண்டுமாம். பிள்ளைக்கு இருந்த பொறுமை அம்மப்பாவுக்கு இருக்கவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், இணையக் கடையொன்றின் பக்கத்தில் ஒரு மீனைக் கண்டேன். வான்நீல உடல், கறுத்த முகம், முதுகில் மஞ்சள் துடுப்பு. ‘பவுடர் புளூ டாங்’ என்று பெயர் போட்டிருந்தார்கள். வாலடியில் சத்திரவைத்தியரின் கத்தி போன்ற கூரிய முள் உள்ள இனம். அதன் பிறப்பிடம் ‘இந்து சமுத்திரம்’ என்று இரண்டே சொற்களில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் கடல்! அந்த இரண்டு சொற்களில் மயங்கி, கடன் அட்டை இலக்கத்தைத் தட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ரெஜிபோம் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே சூடேற்றும் பொதியொன்றும், ஒட்சிசனால் ஊதிப் பருத்த பொலித்தீன் பையும் இருந்தன. மீன் உயிரோடுதான் இருந்தது. நேரே தொட்டியில் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை அதன் உடலெங்கும் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள். அடுத்த வெள்ளிக்கிழமை அது தொட்டியின் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. கடைக்காரரின் ‘உயிருடன் வந்துசேரும்’ என்ற உத்தரவாதம், பெட்டி வந்து சேர்ந்த சில மணித்தியாலங்களுக்கு மட்டுமே செல்லுபடியானது என்பதை அன்றுதான் சிறிய எழுத்துகளில் வாசித்தேன்.

பேரன் அழவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டான்.

“அம்மப்பா, அது உங்கட ஊர்க் கடலில இருந்தோ வந்தது?”

எனக்குத் தெரியவில்லை. அந்த இனம் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து இந்தோனேசியா வரை வாழ்வது. கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். மொத்த வியாபாரி இலங்கையிலிருந்து இறக்கியதாகச் சொன்னார்கள். உங்களிடம் எப்போது வந்தது என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை” என்றார் மறுமுனையில் இருந்தவர், எவ்விதக் கூச்சமும் இன்றி. செவ்வாய் வந்த மீனைப் புதன்கிழமை பொதிசெய்து வியாழக்கிழமை எங்கள் வாசலில் இறக்கியிருக்கிறார்கள். அந்த மீன் கடைசியாக எப்போது உண்டது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை.

அன்றிரவு எனக்கு நிலாவெளி நினைவுக்கு வந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், கிழக்குக் கடலில் தொழில் மெல்ல மெல்ல உயிர்பெற்ற காலம். புறாத்தீவு என்று அழைக்கப்படும் புறாமலை, தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 2003 ஆம் ஆண்டில், அது குறித்து எழுதுவதற்காக அங்கே சென்றிருந்தேன். கரையோர வாடியொன்றில் அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் சிலரைச் சந்தித்தேன். தென்மேற்குப் பருவக்காற்று தெற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் தென்னிலங்கைச் சுழியோடிகள் கிழக்கே வருவதும், கிழக்கு கொந்தளிக்கும்போது தெற்கிலும் மேற்கிலும் தொழில் நடப்பதும் இத்தொழிலின் நெடுங்கால வழமை.

அவர்களில் ஒருவர், திருகோணமலைக்காரர், ஒரு காலை இழுத்து நடந்தார். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு விரைவாக மேலே வந்ததனால், இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகி அவரது நரம்பைக் கெடுத்துவிட்டது. மீனுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ஆழத்திலிருந்து சடுதியாக மேலே கொண்டுவரும்போது அதன் காற்றுப்பை ஊதிவிடும். அதைத் தவிர்க்கச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். அவசரக்காரர்கள் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். அந்தச் சுழியோடி சொன்ன ஒரு வசனத்தை எனது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

“ஐயா, மீனுக்கும் எங்களுக்கும் ஒரே நோய்தான். அவசரம்.”

இடமின்மையால் அந்த வசனம் பத்திரிகையில் வரவில்லை. அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை, ரொறன்ரோவில் ஒரு மீன் இறந்த பின்னரே நான் விளங்கிக்கொண்டேன்.

நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில் வளர்பவை. கடல் மீன்களின் நிலை அதற்கு நேர்மாறானது. இன்றும் பெரும்பாலானவை முருகைக் கற்பாறைகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. இவ்வணிகத்தில் இலங்கை மூத்த நாடுகளில் ஒன்று. சுழியோடியும் எழுத்தாளருமான ரொட்னி ஜொங்க்ளாஸ் போன்றோர் கடந்த நூற்றாண்டிலேயே எங்கள் மீன்களை மேற்குலகின் கண்ணாடித் தொட்டிகளுக்கு அறிமுகப்படுத்திவிட்டனர். கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பதே நல்ல முறை. கற்களின் மேல் விரித்து மூடும் ‘மொக்சி’ வலை இலங்கையில் தடைசெய்யப்பட்டது. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய வழக்கம் இன்னும் கொடியது. கல்லிடுக்கில் சயனைட் கரைசலைப் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளுவது. அப்படிப் பிடித்த மீன் பார்வைக்கு நலமாகவே இருக்கும். சில கிழமைகள் கழித்துக் காரணம் தெரியாமல் இறக்கும். அருகில் இருந்த முருகைக்கல்லும் சாகும்.

பிடித்த மீன் வாடியிலிருந்து கொழும்புப் பக்கத்து ஏற்றுமதியாளரிடம் போகும். பயணத்தில் நீர் பழுதாகக்கூடாது என்பதற்காக அனுப்புமுன் பட்டினி போடுவார்கள். கட்டுநாயக்கவில் விமானமேறி, இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, இணையக் கடை என்று கைமாறும். ஒவ்வொரு கையிலும் புதிய நீர், புதிய அயலவர், புதிய நோய்க்கிருமிகள், திரும்பவும் பட்டினி. நான் வாங்கிய மீன் மெலிந்து, எதிர்ப்புச் சக்தி இழந்து, ஏற்கெனவே ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டுதான் என் கைக்கு வந்திருக்கும். அதன் இனமோ வெண்புள்ளி நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் என்று மீன் வளர்ப்போரிடையே பெயர்பெற்றது. ஆறடித் தொட்டியில் நாள் முழுதும் நீந்தவேண்டிய அதை மூன்றடித் தொட்டிக்கு வாங்கியது என் சொந்தப் பங்களிப்பு.

தோல்வியிலிருந்து கற்றதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளுக்காக இவ்வாறு வாங்குவோர் பலர் உள்ளனர்.

கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது விலை அன்று. மீன் எங்கே பிடிக்கப்பட்டது, எப்படிப் பிடிக்கப்பட்டது. அல்லது பண்ணையில் பிறந்ததா? உங்களிடம் வந்து எத்தனை நாளாகிறது? என்ன உண்கிறது? நோய்த் தடுப்புக்குத் தனித்தொட்டியில் வைத்திருந்தீர்களா, எவ்வளவு காலம்? நான் வாங்கப்போகும் அதே மீன் இரை எடுப்பதைப் படம்பிடித்து அனுப்புவீர்களா? நல்ல கடைகள் இவற்றுக்கு விடை தரும். இணையப் பக்கத்தில் உள்ள அழகான புகைப்படம் பல வேளைகளில் அந்த இனத்தின் படமே தவிர, உங்களுக்கு வரப்போகும் மீனின் படம் அல்ல. படத்தில் பார்க்கும் மீனையே அனுப்பும் கடைகளில் வாங்குவது மேல். கண் தெளிவாக இருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா, தலைக்குப் பின்னால் முதுகுத் தசை வற்றியிருக்கிறதா என்று பார்க்கலாம். உத்தரவாதத்தை முழுமையாக வாசியுங்கள். மணித்தியாலக் கணக்கில் உத்தரவாதம் தருபவரைவிட நாட்கணக்கில் தருபவர் தன் சரக்கை நம்புகிறார் என்று கொள்ளலாம். வார இறுதியில் பொதி களஞ்சியத்தில் அகப்பட்டுக்கொள்ளாதபடி, கிழமையின் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

பெட்டியைத் திறக்கும் கணம் மிக முக்கியமானது. நெடும்பயணத்தில் மீனின் மூச்சிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு பையிலுள்ள நீரின் அமிலத்தன்மையைக் கூட்டிவிடும். அதனால் சேர்ந்துள்ள அமோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேற, அமோனியா கடும் நஞ்சாக மாறுகிறது. ஆகவே பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் துளித்துளியாக நீர் சேர்ப்பது மீனைக் காப்பதற்குப் பதிலாகக் கொல்லக்கூடும். மூடிய பையைப் பதினைந்து, இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்துங்கள். கடையின் நீரிலுள்ள உப்பின் அளவை முன்கூட்டியே கேட்டு, அதே அளவில் தனித்தொட்டியைத் தயாராக வைத்திருந்து, மீனை மட்டும் தாமதமின்றி மாற்றுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக்கூடாது. நான்கு முதல் ஆறு கிழமை தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். செப்பு மருந்து தேவைப்பட்டால் அங்கேதான் கொடுக்கவேண்டும். பிரதான தொட்டியில் ஊற்றினால் முருகை உயிர்களும் இறால்களும் அழிந்துவிடும். பிரதான தொட்டியில் ஒட்டுண்ணி புகுந்துவிட்டால், சுமார் இரண்டரை மாதம் மீனின்றி வெறுமையாக வைத்திருப்பதே வழி. எங்கள் தொட்டி அப்படித்தான் வெறுமையாக நின்றது.

எவ்வளவு நலமாக வந்தாலும் தொட்டியில் வாழாத இனங்களும் உண்டு. உயிருள்ள முருகைகளை மட்டுமே உண்ணும் வண்ணத்துப்பூச்சி மீன்களும், மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைக் கொத்தியுண்டு வாழும் துப்புரவு மீனும் பெரும்பாலும் பட்டினியால் மெலிந்து சாகின்றன. மறுபுறத்தில், கோமாளி மீன்களைப் பண்ணைகளில் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். ஹவாயின் மஞ்சள் டாங் மீனையும் 2015 ஆம் ஆண்டில் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்துவிட்டார்கள். 2017 இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அங்கு அலங்கார மீன் பிடிப்பதற்குச் சுற்றாடல் ஆய்வு அவசியம் என்று தீர்ப்பளித்தபோது, பண்ணை மீனின் அருமை பலருக்குப் புரிந்தது.

அப்படியானால் கடலில் பிடித்த மீனை வாங்கவே கூடாதா? நிலாவெளியில் காலை இழுத்து நடந்த அந்த மனிதரை நினைக்கும்போது என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவருடைய வாழ்வு அந்தக் கடலில் இருக்கிறது. ஆனால், நாங்கள் குறைந்த விலைக்கு உடனே வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும், அந்த அவசரம் ஒவ்வொரு கையாகக் கீழிறங்கி, கடைசியில் கடலடியில் நிற்கும் ஒருவரின் முதுகில் ஏறுகிறது. நூறு மீனில் பாதி வழியில் செத்தால், செத்தவற்றுக்கும் சேர்த்து அவர் மீண்டும் மூழ்கவேண்டும். நிதானமாகப் பிடித்து, நன்றாகப் பேணி, நியாயமான விலைக்கு விற்கும் ஐம்பது மீன் அவருக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது. வாங்குபவர் கேள்வி கேட்கத் தொடங்கினால்தான் விற்பவர் விடை தேடுவார்.

தொட்டி வெறுமையாக இருந்த காலம் முடிந்தபின், பேரன் தானே மூன்று இணையக் கடைகளுக்கு எழுதினான். நான் சொல்லிக்கொடுத்த கேள்விகள்தாம். ஒரு கடை விடை அனுப்பவில்லை. இன்னொன்று விலைக்கழிவு தருவதாக எழுதியது. மூன்றாவது கடை, பண்ணையில் பிறந்த இரு கோமாளி மீன்கள் ஐந்து கிழமையாகத் தங்களிடம் இருப்பதாகவும், இன்னின்ன இரையை உண்பதாகவும் எழுதி, அவை உண்ணும் படத்தையும் இணைத்திருந்தது. விலை மற்றவர்களைவிடச் சில டொலர் அதிகம். மூன்றடித் தொட்டிக்குப் பொருத்தமான மீன்கள். அவற்றை வாங்கினோம்.

நான் இலங்கை திரும்பிய பின்பும் அவன் அவ்வப்போது படம் அனுப்புகிறான். மீன்கள் நலம். அந்த நீல மீன் எந்தக் கல்லில், யாருடைய வலையில் அகப்பட்டது என்ற அவனுடைய கேள்விக்கு மட்டும் என்னிடம் இன்றுவரை விடை இல்லை. வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.