முட்டுக்காட்டுல ஒரு தாழ்ப்பாள்!

"போட்டிங் போலாமாடா?"னு பசங்க கேட்டா, "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா?"னு கேக்குற ஆள் நான். பிறவியிலேயே முதுகுத்தண்டுல கோளாறு. சிறுநீர்ப்பை தானா காலியாகாது. நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதடவை நானே மெல்லிய குழாய் விட்டு வெளியேத்தணும். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்ல, கை கழுவின சுத்தம் போதும்னு 1972-ல அமெரிக்க டாக்டர் ஜாக் லேபிடஸ் சொன்ன வழி. அஞ்சு நிமிஷ வேலைதான். ஆனா, தண்ணியும் தாழ்ப்பாளும் வேணுமே!

ஸ்கூல் டூர்ல அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கல. கிருமித் தொற்று, ஒரு வாரம் காய்ச்சல்!

முட்டுக்காட்டுல 2005-லேர்ந்து இருக்கிற பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு பிசியோதெரபிக்கு வந்தப்பல்லாம், பஸ் ஜன்னல் வழியா மட்டும் பார்த்த உப்பங்கழி. இந்த முறை இறங்கினதும் நண்பன் முன்னால ஓடினான். "தாழ்ப்பாள் இருக்கு, தண்ணி வருது... வாடா!"

போட்ல ஏறினேன். கையில இருந்த வாட்டர் பாட்டில் முழுசா காலி!