பல் பார்த்து வாங்கிய சொல்

நுழையும்முன்

பிறமொழிச் சொற்களை மனப்பாடம் செய்வதால் மட்டும் மொழியறிவு வளர்ந்துவிடுவதில்லை. ஒரு சொல்லின் வேரையும் வழக்கையும் அறியும்போதுதான் அது நம்முடையதாகிறது. அவ்வாறு சொற்களைக் கற்கத் தொடங்கிய அனுபவத்தை இக்கட்டுரை பகிர்ந்துகொள்கிறது.

மணப்பாறை என்றதும் பலருக்கும் முறுக்கு நினைவுக்கு வரும். உழவர் குடியில் பிறந்த எனக்கோ மாட்டுச்சந்தைதான் நினைவுக்கு வரும். சிறுவனாக இருந்தபோது தந்தையாரின் கைபிடித்து அச்சந்தைக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். தரகரும் வாங்குபவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலை பேசுவர். வாங்க வந்தவர் மாட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்திருக்கிறதா, நான்கா, ஆறா, எட்டும் நிறைந்துவிட்டனவா என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்குப் பின்னரே துண்டுக்குள் கை போகும்.

பதினோராம் வகுப்பில் எனக்கு ஆங்கிலத்தின்மீது பெருவேட்கை பிறந்தது. தமிழ்வழியில் படித்தவன் கல்லூரியில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமானால் ஆங்கிலச் சொற்கள் கைவசம் இருக்க வேண்டும் என்று நம்பினேன். ஆயிரம் சொற்கள் அடங்கிய சிறுநூல் ஒன்று கிடைத்தது. ஒரு வரிக்கு ஒரு சொல்; அதற்கு எதிரே ஒரே ஒரு பொருள். நாளொன்றுக்கு இருபது சொற்கள் என வரிசை மாறாமல் ஒப்பித்தேன். ‘பெக்யூலியர்’ என்றால் ‘விசித்திரமான’ என்பேன். அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவேன். சொற்செல்வம் பெருகிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி திருச்சிராப்பள்ளியில் கல்லூரியில் சேரும்வரைதான் நீடித்தது. கட்டணச் சலுகை வேண்டுவோர் நிரப்ப வேண்டிய படிவத்தில், குடும்பத்தின் ‘பெக்யூனியரி’ நிலையை விளக்குக என்றொரு வினா இருந்தது. பொருள்வசதி, பண நிலைமை என்பதே அச்சொல்லின் பொருள். என் பட்டியலில் அது இல்லை. ஒலியொப்புமையால், நான் அறிந்த ‘பெக்யூலியர்’தான் சற்று மாறி வந்திருக்கிறது என்று கருதினேன். “எங்கள் குடும்பத்தில் விசித்திரமானது ஏதுமில்லை” என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆயிரம் சொற்கள் அறிந்தவன் என்ற செருக்கு கேட்கவிடவில்லை. சலுகை பெற்றோர் பட்டியலில் என் பெயர் இல்லை.

கட்டணம் செலுத்த வேண்டிய நாள் நெருங்கியது. தந்தையார் உழவு மாடுகள் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிச் சென்றார். நானும் உடன் சென்றேன். யாரோ ஒருவர் எங்கள் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தபோது தலைகுனிந்து நின்றேன். வீடு திரும்பும் வழியில் நடந்ததையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். அவர் சினக்கவில்லை. “மாடு வாங்குறவன் பல்லைப் பார்க்காம வாங்குவானா தம்பி? நீ சொல்லைப் பல்லுப் பார்க்காம வாங்கிட்ட” என்றார்.

அச்சொல் என்னைக் கல்லூரி நூலகத்துக்கு அழைத்துச் சென்றது. சொற்பிறப்பும் தரும் பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் ‘பெக்யூனியரி’யைத் தேடினேன். இலத்தீன் மொழியில் ‘பெகுனியா’ என்றால் பணம். அது கால்நடையைக் குறிக்கும் ‘பெகுஸ்’ என்னும் சொல்லோடு உறவுடையது என்றிருந்தது. கால்நடையே செல்வமாக இருந்த காலத்தில் பிறந்த சொல் அது. ‘பெக்யூலியர்’ என்பதும் அதே குடும்பத்துச் சொல்தான். ஒருவருக்கே உரிய கால்நடை, பின்னர் ஒருவருக்கே உரிய உடைமை, பின்னர் ஒருவருக்கே உரிய தன்மை, இறுதியில் பிறரிடம் காணாத விசித்திரம் என அதன் பொருள் வளர்ந்திருந்தது. நான் குழப்பிக்கொண்ட இரண்டும் உடன்பிறப்புகள்! ‘கையில் காசில்லாத’ என்னும் பொருள்தரும் ‘இம்பெக்யூனியஸ்’ என்ற சொல்லும் அன்று கூடவே கிடைத்தது.

தமிழுக்குத் திரும்பினேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ‘மாடு’ என்பதற்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் ‘கல்வி’ அதிகாரத்து இறுதிக் குறள் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறது. அதிகாரம் முழுவதையும் ஒப்பித்துப் பரிசு பெற்றிருந்த நான், அன்றுதான் அக்குறளைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

அன்றுமுதல் சொற்களைத் தனித்தனியாகக் கற்பதை விட்டுவிட்டேன். இலத்தீனில் ‘கபுட்’ என்றால் தலை. ‘கேப்டன்’, ‘கேப்பிட்டல்’, ‘சாப்டர்’ ஆகிய சொற்கள் அதிலிருந்து கிளைத்தவை. தமிழில் தலைவன், தலைநகர், தலைப்பு என்று கிளைப்பதை நினைத்துக்கொண்டால் அவை மறப்பதில்லை. மாட்டைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே வந்தது. தொடக்கத்தில் அது பொதுவாகச் சொத்து என்றே பொருள்பட்டது.

மாணவர்களே, இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வேர் வழிகாட்டும்; ஆனால் முடிவு சொல்வது வழக்கே. ‘பெக்யூலியர்’ என்பதற்குள் மாடு இருக்கிறது என்பதற்காக அதனை மாட்டுக்கு அடைமொழியாக்கினால் நகைப்புக்கே இடமாகும். சொற்பொருளின் காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் கூறியிருப்பதை மறத்தலாகாது. பல், மாட்டின் வயதைத்தான் சொல்லும்; அது உழுமா என்பதை ஏரில் பூட்டித்தான் அறிய வேண்டும். சொல்லையும் சொந்த வாக்கியத்தில் பூட்டிப் பாருங்கள். குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் ஒரு சொல்; அதன் வேர், உறவுச் சொற்கள், நிகரான தமிழ்ச்சொல், நீங்களே அமைத்த வாக்கியம் ஒன்று. நாளொன்றுக்கு இரண்டு சொற்கள் போதும். அறியாத சொல் எதிர்ப்பட்டால் கேட்பதற்கு நாணாதீர்கள்.

கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபீ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமும் கால்நடையைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லே என்பர் சொல்லாய்வாளர். இன்றைய ஜெர்மன் மொழியிலும் ‘ஃபீ’ என்றே ஒலிக்கும் சொல்லுக்குக் கால்நடை என்றுதான் பொருள். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது இதனைத் தந்தையாரிடம் சொன்னேன். வெறுமையாகக் கிடந்த தொழுவத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அப்ப, வெள்ளைக்காரனும் மாட்டை வித்துத்தான் பிள்ளையப் படிக்க வச்சிருக்கான்!”