கிளப்பே சிரித்த ஒரு பனிப்புயல் படம்

1893-ம் ஆண்டு, பிப்ரவரி 22. நியூயார்க் நகரத்தில் பனிப்புயல் வீசிக்கொண்டிருக்கிறது. தெருவில் இருப்பவர்கள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஓடுகிறார்கள். ஐந்தாவது அவென்யூவும் 35-வது தெருவும் சந்திக்கிற முனையில் ஒருவர் மட்டும் நகராமல் நிற்கிறார். வயது 29. கையில் ஒரு பெட்டி கேமரா.

ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு மணி நேரம் ஆகிறது. அவர் போகவில்லை.

மூன்று மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு அது வருகிறது. பனிக்குள்ளிருந்து ஒரு குதிரை வண்டி. மேலே வண்டிக்காரர், சவுக்கை ஓங்கியபடி. முன்னால் பனியில் சக்கரங்கள் கீறிவிட்டுப் போன தடங்கள், பின்னால் மங்கிக்கொண்டே போகிற கட்டடங்கள். க்ளிக்!

அவர் பெயர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர்தான். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு கிளப் மெம்பர், அவ்வளவே. நியூயார்க் அமெச்சூர் புகைப்படக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினர். மாலையில் கூடுவார்கள், ஒருவர் படத்தை இன்னொருவர் அலசுவார்கள், போட்டி வைப்பார்கள், பதக்கம் கொடுப்பார்கள். நம் ஊர் கேமரா கிளப்புகளில் இன்றைக்கும் நடக்கிற அதே சமாசாரம்.

பனியில் நனைந்த கையோடு நெகட்டிவைக் கழுவி எடுத்து, அதைச் சங்கத்து நண்பர்களிடம் காட்டினார். சிரித்துவிட்டார்கள். 'மங்கலாக இருக்கிறது, கூர்மையே இல்லை, இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், தூக்கிப் போடு' என்பதுதான் தீர்ப்பு. பின்னாளில் ஸ்டீக்லிட்ஸே இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர்கள் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

1888-ல் கோடக் கேமரா கடைக்கு வந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கு ஃபிலிம். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினால், கழுவி, பிரின்ட் போட்டு, புது ஃபிலிம் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு 10 டாலர். பட்டனை அழுத்துவது மட்டும்தான் வாடிக்கையாளர் வேலை. அதுவரை புகைப்படம் என்றால் ஸ்டாண்டு, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடு, ரசாயனம், விரல்களில் கறை. திடீரென்று யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்றாகிவிட்டது. வருடக்கணக்கில் உழைத்துக் கற்றுக்கொண்ட சங்கத்துக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? செல்போன் கேமரா வந்தபோது கல்யாண போட்டோகிராபர்களுக்கு வந்த அதே எரிச்சல்தான். கையில் பிடித்து எடுக்கிற கேமரா என்றாலே விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கினார்கள். ஸ்டீக்லிட்ஸும் முதலில் ஒதுக்கியவர்தான். பனியில் அவர் வைத்திருந்தது கோடக் அல்ல. 4-க்கு 5 அங்குலத் தகடு போடுகிற கேமரா. ஆனாலும் கையில் பிடிப்பதுதானே? நல்ல வெயிலில், அசையாத ஸ்டாண்டில் வைத்து, இலை நரம்பு தெரிகிற மாதிரி எடுத்துப் பழகியவர்கள், பனிப்புயலில் கையால் எடுத்ததைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இத்தனைக்கும் போட்டி என்பது அவருக்குப் புதிது அல்ல. நியூஜெர்சியில் ஹோபோக்கனில் பிறந்தவர். பொறியியல் படிக்க பெர்லின் போன இடத்தில் கேமரா பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஹெர்மன் வோகல் என்ற பேராசிரியரிடம் புகைப்பட ரசாயனம் படித்தார். 1887-ல், லண்டனிலிருந்து வந்த 'அமெச்சூர் போட்டோகிராபர்' பத்திரிகை விடுமுறைப் படங்களுக்குப் போட்டி வைத்தது. இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் சிறுவர் சிறுமிகள் எதற்கோ கலகலவென்று சிரிக்கிற படத்தை அனுப்பினார். நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன், டாக்டருக்குப் படித்துவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தவர். வந்த படங்களிலேயே இயல்பாக அமைந்த படம் இதுதான் என்று சொல்லி, முதல் பரிசு கொடுத்தார். வெள்ளிப் பதக்கமும் இரண்டு கினி பணமும். அடுத்த வருடம் அதே போட்டியில் முதல் பரிசும் அவருக்கு, இரண்டாவது பரிசும் அவருக்கே.

எமர்சன் 'இயல்பு' என்பதைத் தூக்கிப் பிடித்ததற்கும் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய படங்கள் பலவும் 'செட்' போட்டவை. இங்கிலாந்தின் ஹென்றி பீச் ராபின்சன் 1858-ல் ஒரு படம் செய்தார். சாகக் கிடக்கும் இளம்பெண், சுற்றிக் கலங்கி நிற்கும் குடும்பம். உண்மையில் அங்கே யாரும் சாகவில்லை. ஐந்து தனித்தனி நெகட்டிவ்களை ஒட்டிச் சேர்த்த ஒரே படம் அது! ஃபோட்டோஷாப் வந்துதான் புகைப்படம் பொய் சொல்ல ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'எதைச் செய்தால் அது இன்னும் போட்டோ?' என்ற சண்டை 160 வருடங்களுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைய சர்வதேசப் போட்டிகளில் இயற்கைப் பிரிவுக்கு விதி இருக்கிறது: ஓரத்தை வெட்டலாம், ஆனால் படத்துக்குள் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது.

வெட்டலாம் என்கிற இந்த இடத்தில்தான் பனிப்புயல் படம் பிழைத்தது.

சிரித்தவர்களோடு ஸ்டீக்லிட்ஸ் சண்டை போடவில்லை. நெகட்டிவ் தனக்கு வேண்டியபடிதான் இருக்கிறது என்றார். அவர்கள் முழுத் தகட்டையும் பார்த்தார்கள். அவர் அதில் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவைத்திருந்தார். தேவையில்லாததை எல்லாம் வெட்டித் தள்ளி, வண்டியும் தடமும் பனியும் மட்டும் நிற்கும்படி அந்தத் துண்டைப் பெரிதாக்கினார். பிறகு அதைக் கண்ணாடி ஸ்லைடாக்கி, அந்தக் கால புரொஜெக்டரான 'லேன்டர்ன்' விளக்கில் திரையில் காட்டினார். கைதட்டல். சிரித்து ஒதுக்கிய அதே நெகட்டிவிலிருந்துதான் இது வந்தது என்பதை அங்கிருந்தவர்களால் நம்ப முடியவில்லை.

'குளிர்காலம், ஐந்தாவது அவென்யூ' என்ற அந்தப் படம் பிற்பாடு கண்காட்சி கண்காட்சியாகப் போனது. மொத்தத்தில் அவர் வாங்கிய பதக்கங்கள் 150-க்கும் மேல் என்பார்கள்.

பொதுவாகப் பரிசு வாங்கியவர்கள் எப்படி எடுத்தோம் என்பதை மூடி மறைப்பார்கள், அல்லது ரொம்ப அலங்கரித்துச் சொல்வார்கள். ஸ்டீக்லிட்ஸ் இரண்டும் செய்யவில்லை. 1897-ல் கை கேமராவைப் பற்றி எழுதிய கட்டுரையில் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார். ஆட்களைத் துரத்திக்கொண்டு ஓடாதே. முதலில் இடத்தைத் தேர்ந்தெடு. அங்கே கோடுகள் எப்படிப் போகின்றன, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்து வை. அப்புறம் நில். யாராவது வருவார்கள், எல்லாம் பொருந்துகிற நொடி ஒன்று வரும், அதுவரை நில். பனிப்புயல் படத்துக்கு மூன்று மணி நேரம் நின்றதை எழுதிவிட்டு, அதில் அதிர்ஷ்டமும் இருந்தது, இன்னும் எத்தனை மணி நேரம் நின்றிருந்தாலும் படம் கிடைக்காமலே போயிருக்கலாம் என்றும் ஒப்புக்கொள்கிறார். தன் பிரின்ட்கள் நெகட்டிவின் ஒரு சிறு பகுதியிலிருந்தே போடப்பட்டவை என்பதையும் மறைக்கவில்லை. பதக்கம் வாங்கியவர் வாயிலிருந்து 'அதிர்ஷ்டம்' என்ற சொல் வருவது அபூர்வம்.

ஆனால் அந்தக் கட்டுரையில் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் குளிரில் போய் நிற்க வேண்டிய அவசியம்தான் என்ன?

1890-ல் அவர் ஊர் திரும்பியதே சந்தோஷத்தில் அல்ல. தங்கை ஃப்ளோரா பிரசவத்தில் இறந்துபோனார். பெர்லின் வாழ்க்கையை விட்டுவிட்டு நியூயார்க் வர வேண்டியதாயிற்று. பிழைப்புக்கு வழி வேண்டுமே என்று அப்பா ஒரு சிறு புகைப்பட அச்சுத் தொழிலை வாங்கிக் கொடுத்தார். மகனோ தரம் தரம் என்று நின்று, தொழிலாளிகளுக்குச் சம்பளத்தையும் அள்ளிக் கொடுத்ததில் அது லாபம் பார்ப்பதே அரிதாக இருந்தது. ஊரும் ஒட்டவில்லை, தொழிலும் ஒட்டவில்லை.

அதே குளிர்காலத்தில் அவர் எடுத்த இன்னொரு படம் இதைச் சொல்லிவிடுகிறது. டிராம் வண்டியின் கடைசி நிறுத்தம். தரையெல்லாம் பனி. இழுத்துக் களைத்த குதிரைகளின் உடம்பிலிருந்து ஆவி பறக்கிறது. ரப்பர் கோட் போட்ட வண்டிக்காரர் அவற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குதிரைகளுக்குத் தண்ணீர் கொடுக்கவாவது ஒரு மனிதர் இருக்கிறாரே என்று அப்போது தோன்றியதாக, தன் தனிமையைப் பற்றிப் பிற்காலத்தில் ஸ்டீக்லிட்ஸ் சொன்னார். கிளப்பில் இந்தப் படத்துக்கு வெளிச்சம், அமைப்பு என்று மார்க் போட்டிருப்பார்கள். இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது?

1898-ல் நிமோனியா வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். வெளியே பனி பெய்து முடிந்த இரவு. எழுந்து, இருக்கிற துணியை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் பார்க் ஓரம் போய்விட்டார். விளக்கு வெளிச்சத்தில் மரங்கள். எக்ஸ்போஷர் மட்டும் மூன்று நிமிடம். காற்றில் மீசை விறைத்துப்போனதாம். உடம்பு தேறாத மனிதர் நடுராத்திரியில் செய்கிற வேலையா இது? வீட்டில் யாராக இருந்தாலும் திட்டித்தான் இருப்பார்கள்.

1896-ல் அவருடைய சங்கமும் இன்னொரு கேமரா கிளப்பும் ஒன்றாகி, நியூயார்க் கேமரா கிளப் ஆனது. அதன் பத்திரிகையை ஆரம்பித்து, ஆசிரியராக இருந்து, அதை ஊர் உலகம் படிக்கும்படி செய்தவர் அவர். ஆனால் எல்லாரும் படம் போட வேண்டும் என்பது உறுப்பினர்கள் ஆசை. நல்ல படம்தான் போட வேண்டும் என்பது இவர் பிடிவாதம். உரசல் வளர்ந்துகொண்டே போனது. இவர் பேச்சும் சும்மா இருக்காது, யாரையும் விட்டுவைக்காது. 1908-ல் கிளப் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கியது.

செய்தி பத்திரிகைகள்வரை போய்விட்டது. வழக்கு என்று பேச்சு எழுந்ததும், கிளப் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. சேர்ந்தார். பிறகு தானே ராஜினாமா கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.